டஸ்டிக்கு மெஷின் போட்ட செவ்வாய்க்கிழமை

முடி வெட்டற மெஷினா? இருக்குதுங்க தம்பி, அந்த டிராயர்ல இருக்குது. வேணும்னா எடுத்துப் போடறேன். ஆனா நான் சொல்றதக் கேட்டா கத்திரியிலயே வெட்டிக்குங்க. பர்லியாறுகிட்ட ரோட்டுல மரம் சாஞ்சு கிடக்குதாம். உங்க ஊட்டி பஸ்ஸு குன்னூருக்கு ஏறி வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அஞ்சு நிமிசத்துல வெட்டி அனுப்பிச்சேன்னா மழையிலதான் போய் நிக்கோணும். உக்காருங்க. துண்டு கழுத்த இறுக்குதுங்களா?

இறுக்கலைன்னா சரி.

மெஷின் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. காலேஜ் பசங்க வந்து கேட்டா அதுலதான் போடறேன். ஆனா அந்த மெஷினால எனக்கு ஒரு வீடு போச்சுங்க. சொந்த வீடு இல்ல, செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்ட்டிருந்த வீடு. ஏழு வருசம். ஏழு வருசம் போன வீட்ல ஒரே நாள்ல வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கென்னங்க, போனாப் போகுது. கடை இருக்குது, கைத்தொழில் இருக்குது. இருந்தாலும் மனசு ஆற மாட்டேங்குது. நீங்க வெளியூர்க்காரரு, ரெண்டு பக்கமும் வேண்டியவரு இல்ல. கேட்டுட்டு ஒரு ஞாயம் சொல்லுங்க.

வேலை ஆளுக்கு இல்லீங்க. நாய்க்கு. சிரிக்காதீங்க, தலை ஆடுது.

எலியாசர் சார்னு ஒருத்தரு. மேல சர்ச்சைத் தாண்டி ஏறிப் போனா கடைசி வீடு. தேயிலை ஃபேக்டரியில டீ மேக்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பறிச்ச இலை வாடுனது போதுமா, புளிச்சது போதுமான்னு மோந்து பாத்தே சொல்ற வேலை. சம்சாரம் தவறிட்டாங்க. ஒரே பொண்ணு, கனடாவுல இருக்குது. வீட்ல அவரும் நாயும்தான். நாய் பேரு டஸ்டி. டீத்தூள்ல டஸ்டுன்னு ஒரு ரகம் இருக்குதுங்கள்ல, அந்தப் பேரு. உடம்பு வெள்ளை, முதுகுல கறுப்பு, தலையும் காதும் நல்லா இறங்குன டிகாஷன் செவப்பு. நீள மூஞ்சி, சின்னத் தாடி. என்ற முழங்கால் உயரம் கூட வராது. ஃபாக்ஸ் டெரியர்ங்கற ஜாதின்னு சொல்லுவாரு. முடி இருக்குது பாருங்க, அது முடியே இல்லீங்க, தேங்கா நாரு. பாத்திரம் விளக்கலாம்.

எட்டு வருசத்துக்கு முந்தி, இதே மாதிரி ஒரு மழை நாள். சார் நாயத் தூக்கிட்டுக் கடைக்குள்ள ஒதுங்குனாரு. நான் ஒருத்தருக்கு மீசையில நரை பிடுங்கிட்டிருந்தேன். அந்தாளு மச்சினன் கல்யாணத்துக்குப் போகோணும், சாயம் ஒத்துக்காது, ஒவ்வொண்ணாப் பிடுங்கிருன்னு சொல்லிட்டாரு. பிடுங்கறது எல்லார்த்துக்கும் வராதுங்க. ஒரு விரல்ல தோலை அழுத்திப் பிடிச்சுக்கோணும். முடி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதோ அந்தப் பக்கமே இழுக்கோணும். எதிர்ப் பக்கம் இழுத்தா உசுரு போயிரும். நான் பிடுங்கப் பிடுங்க அந்தாளு தூங்கிட்டாரு. சார் பாத்துட்டே நின்னாரு. மழை விட்டும் போகல.

"உன் பேர் என்னப்பா?"

"திருமூர்த்திங்க."

"திருமூர்த்தி, என் நாய்க்கு வந்து இப்படிப் பிடுங்கி விடுவியா?"

எனக்கு வந்துது பாருங்க கோவம். "சார், நான் மனுசனுக்கு வேலை செய்யறவன்"னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னேன். அவரு கோவிச்சுக்கல. "அதனாலதான் கேக்கறேன். நாய்க்குச் செய்யறவங்க எல்லாம் மெஷினை எடுத்துக்கிட்டு வர்றாங்க"ன்னாரு.

அப்பறம் விளக்கமாச் சொன்னாரு. இந்த ஜாதி நாய்க்கு முடிய வெட்டவே கூடாதாம், பிடுங்கோணுமாம். பழைய முடி செத்துப்போயி தோல்ல சும்மா ஒட்டிட்டு நிக்கும். அத விரல்ல இழுத்தா வலிக்காம வந்துரும், அந்த இடத்துல புது முடி கம்பி மாதிரி நிறத்தோட முளைக்கும். வெட்டிட்டீங்கன்னா செத்த முடி அடியிலயே தங்கிரும். அப்பறம் வர்றதெல்லாம் பஞ்சு. நிறமும் வெளுத்துப்போகும். அதுவரைக்கும் சாரோட சம்சாரம்தான் பிடுங்கிட்டிருந்தாங்களாம். இவருக்கு விரல் மொளியெல்லாம் வீங்கிப்போயி பேனாவே பிடிக்க முடியாது. அந்தம்மா போய் நாலு மாசம் ஆகியிருந்துது. நாய் புதர் மாதிரி இருந்துது.

சரி, வயசான மனுசன், போய்த்தான் பாப்போமேன்னு போனேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடை லீவுங்க. அன்னைக்குக் கத்திரி, கத்தி தொட மாட்டோம். என்ற சம்சாரம் ராஜாமணி பிடிபிடின்னு பிடிச்சா. "வாரத்துல ஒரு நாள் லீவு, அதையும் நாய்க்குக் குடுக்கறீங்களா? அதும் செவ்வாக்கெழமை, முடி மேல கை வெப்பீங்களா?" நான் ஒரு பாயிண்டு சொன்னேன். "இரும்பு படலையே புள்ள, வெறுங்கையில பிடுங்கறதுதானே, அது சேத்தியில்ல"ன்னேன். மூஞ்சியத் திருப்பிட்டுப் போய்ட்டா. அப்படி ஏழு வருசம் திருப்பிட்டிருந்தா.

கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. ம், போதும்.

பத்து மணிக்குப் போவேன். வராண்டாவுல பழைய டீப்பெட்டி ஒண்ணக் கவுத்து, மேல சாக்கு விரிச்சிருக்கும். அதுல டஸ்டியத் தூக்கி நிறுத்துவேன். விரல் வழுக்காம இருக்க சாக்பீஸ் பொடியத் தொட்டுக்குவேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை. ரெண்டு முடி, மூணு முடி, அதுக்கு மேல ஒரு இழுப்புக்கு வராது. மொதல்ல டஸ்டி மொறைச்சுது. மூணாவது வாரம் என்ற கைமேலயே தாடைய வெச்சுட்டுத் தூங்குச்சு. சார் பக்கத்துல நாற்காலியப் போட்டுட்டு உக்காந்துக்குவாரு. பேசுவாரு. பேசுவாருன்னா பேச்சுங்களா அது? ஃபேக்டரியில டிரையர் தீப்பிடிச்ச கதை, மூணு நாள் கரண்ட் இல்லாம இலையெல்லாம் புளிச்சுப் போன கதை, சாம்பிளை வாயில ஊத்திப் பாத்துட்டு மேனேஜர் கோட்டு மேலயே துப்புன ஏலக்காரன் கதை. அதே கதைங்க. டிரையர் தீப்பிடிச்சத மட்டும் ஒரு இருநூறு தடவை கேட்டிருப்பேன். எந்த இடத்துல யாரு வாளியத் தூக்கிட்டு ஓடி வந்தான்னு எனக்கே தெரியும். அவரு பேரு மாத்திச் சொன்னா நான் திருத்துவேன். "அது காளிமுத்து இல்லீங்க சார், பெட்டராயன்." "ஆமா ஆமா, பெட்டராயன்"னு சிரிப்பாரு.

ஒரு மணி நேரம் ஆனதும் உள்ள போயி டீ போடுவாரு. சமையலுக்கு வர்ற பொம்பளையத் தொட விட மாட்டாரு. தண்ணி ஒரு தடவைதான் கொதிக்கோணுமாம். கெட்டிலைச் சுடுதண்ணியில கழுவிச் சூடாக்குவாரு. தூளைப் போட்டுட்டு வாட்சைப் பாத்துட்டே நிப்பாரு, அஞ்சு நிமிசம். பால் தனி, சக்கரை தனி. டிரேயில ரெண்டு கப்பு. நம்ம பஸ் ஸ்டாண்டு டீயப் பத்திப் பேச்செடுத்தா, "அது டீ இல்லப்பா, சாயம்"பாரு. உண்மையச் சொல்லோணும்னா எனக்கு அந்தச் சாயந்தான் பிடிக்கும். இருந்தாலும் பெரியவரு போட்டுக் குடுக்கறாரேன்னு குடிச்சுக்குவேன்.

டீ குடிச்சப்பறம் மறுபடி கொஞ்ச நேரம். நான் அவசரப்பட்டா, "இருக்கட்டும்ப்பா, கழுத்துப் பக்கம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்"பாரு. எல்லாமே அடுத்த வாரந்தான். கழுத்த முடிச்சா கால் இருக்கும். காலை முடிக்கறதுக்குள்ள முதுகு வளந்திருக்கும். ராமேசுவரம் போனாலும் சனீசுவரன் விடாதுங்கற மாதிரி, அந்த நாய விட்டு என்னால வெளிய வரவே முடியல.

இதுல ஒரு வேடிக்கையக் கேளுங்க. என்ற மருமகப்பையன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். வெளிநாட்ல இந்த ஜாதி நாய்க்கு வருசத்துக்கு ரெண்டே தடவைதான் மொத்தமாப் பிடுங்கறாங்க! ஒரே நாள்ல உரிச்ச கோழியாட்டம் ஆக்கிட்டு, அப்பறம் ஆறு மாசம் தொடறதில்ல. அட கெரகமேன்னு இருந்துது எனக்கு. வருசத்துக்கு ரெண்டு நாள் வேலைக்கு இந்த மனுசன் என்னய அம்பது நாள் வர வெச்சிருக்கறாரு. பாவம், அவருக்குத் தெரியல போலிருக்குதுன்னு எடுத்துச் சொன்னேன். "சில பேர் அப்படியும் செய்வாங்க. நமக்கு இதுதான் சரி"ன்னாரு. சரின்னு விட்டுட்டேன். வயசானா பிடிவாதம் வந்துரும்.

சரி, ஷோவுக்காகப் பிடுங்கறாரான்னா அதும் இல்ல. மே மாசமானா ஊட்டியில நாய் ஷோ நடக்கும். "இந்த வருசம் நம்ம டஸ்டியக் கூட்டிட்டுப் போலாங்களா சார்"னு ஒவ்வொரு வருசமும் கேப்பேன். கைவேலைய நாலு பேரு பாக்கோணும்னு எனக்கும் ஒரு ஆசை இருக்காதுங்களா? "அடுத்த வருசம் பாக்கலாம்ப்பா"ன்னு சொல்லிருவாரு. ஏழு வருசத்துல அந்த நாய் சர்ச்சு ரோட்டத் தாண்டுனதில்ல. யாரு பாக்கறதுக்கு அவ்வளவு அழகு? நானும் அவரும்தான் பாத்துக்கோணும்.

கடையில வேற பேச்சு. "நாயத் தொட்ட கையா திருமூர்த்தி"ன்னு மூக்கைச் சுருக்குன ஆளுக உண்டு. ஒருத்தரு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் பக்கத்துலயே நின்னு பாத்தாரு. கழுவுனேன். என்ன பண்றது?

இந்தக் கட்டை விரலு பாருங்க. மடங்கறதில்ல. ஏழு வருசம் நாரு இழுத்து இழுத்து மொளியில வலி. நாள் பூரா இங்க நிக்கறது, செவ்வாய்க்கிழமை அங்க நிக்கறது. தூக்கத்துல கூட விரல் ரெண்டும் கிள்ளிட்டே இருக்குதுன்னு ராஜாமணி சொல்லுவா. சோந்து போயிட்டேன் தம்பி. அதத்தான் சொல்ல வர்றேன். நான் வேணும்னு செய்யல, சோந்துபோய்ச் செஞ்சது.

போன வருசம் ஆடிச் செவ்வாய். ராஜாமணிக்கு முட்டி வலி. மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருந்தா. மொத நாளே சொல்லிட்டா. "ஏழு வருசத்துல எனக்கு ஒரு செவ்வாக்கெழமை குடுத்திருக்கறீங்களா? நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு நீங்க வரலைன்னா நான் ஒருத்தியாப் போறேன். திரும்பி வருவேனான்னு அந்த அம்மன்கிட்டயே கேட்டுக்கறேன்." ஒரு பேச்சுதான், ஆனா சொல்லிட்டு அப்பவே வேண்டுதல் காச மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சுட்டா.

சார் வீட்டுக்குப் போகாமயே இருந்திருக்கலாம். அது எனக்குத் தோணவே இல்லீங்க. போன் பண்ணி வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதும் தோணல. ஏழு வருசத்துல நான் ஒரு வாரம் கூடத் தவறுனதில்ல. காய்ச்சல்லயும் போயிருக்கறேன். போகோணும், சீக்கிரமா முடிக்கோணும், இதுதான் மண்டையில ஓடுச்சு. கடையில புதுசா வாங்குன சார்ஜ் மெஷின் இருந்துது. எடுத்துப் பையில போட்டுட்டு ஒம்பதே காலுக்கே போயிட்டேன்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?"னாரு சார். மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். சீக்கிரம் வந்தா ரொம்ப நேரம் இருப்பேன்னு நினைச்சாரோ என்னமோ. "அப்ப மொதல்ல டீ போட்டுர்றேன்"னு உள்ள போனாரு.

எனக்கு அதான் தோதாப் போச்சு. டஸ்டியப் பெட்டி மேல நிறுத்துனேன். மெஷினப் போட்டேன். சத்தத்துக்குக் கொஞ்சம் மெரண்டுச்சு, நான் பிடிச்சிருக்கறேன்னதும் நின்னுருச்சு. என்ற மேல அவ்வளவு நம்பிக்கை அதுக்கு. முதுகுல ஒரே இழுப்பு, பாய் சுருட்டற மாதிரி வந்துது. எட்டு நிமிசங்க தம்பி. ஏழு வருசமா முடியாத வேலை எட்டு நிமிசத்துல முடிஞ்சு போச்சு. கழுத்து, கால், முதுகு, எதும் பாக்கி இல்ல. எனக்குப் பெருமை தாங்கல.

சார் டிரேய எடுத்துட்டு வெளிய வந்தாரு. நாயப் பாத்தாரு. கீழ கிடந்த முடியப் பாத்தாரு. அப்பறம் கைக்கடிகாரத்தப் பாத்தாரு. அத நான் நல்லாக் கவனிச்சேன், நேரம் பாத்தாரு.

"சுத்தமாப் போட்டுட்டேனுங்க சார். இனி ரெண்டு மூணு மாசத்துக்குக் கவலையே இல்ல"ன்னேன்.

அவரு டிரேயக் கீழ வெக்கவே இல்ல. கப்பு ரெண்டும் கடகடன்னு ஆடுச்சு. "டீ ஊத்திட்டேனே"ன்னாரு.

"இருக்கட்டுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. அடுத்த வாரம் வர்றேன்."

"அடுத்த வாரம் பிடுங்கறதுக்கு என்ன இருக்குப்பா? நீ எதுக்கு வரணும்?"

அவ்வளவுதான் சொன்னாரு. சத்தம் கூடப் போடல. இதுக்கு என்னங்க அர்த்தம்? வராதேன்னுதானே அர்த்தம்? நான் பையத் தூக்கிட்டு இறங்கி வந்துட்டேன். அம்மனுக்கு விளக்குப் போட்டப்பவும் அந்தக் கப்பு ஆடுன சத்தம் காதுலயே இருந்துது.

கண்ண மூடிக்குங்க, நெத்தியில வெட்டறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்ல இருந்தேன். ராஜாமணி வடை சுட்டா. பத்து மணிக்குச் செருப்பப் போட்டுட்டு வாசல்ல நின்னேன். "எங்க?"ன்னா. எங்கன்னு தெரியல. கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்தேன். டிவி போட்டேன், அணைச்சேன். கடையத் திறந்து சீப்பெல்லாம் ஊற வெச்சுக் கழுவுனேன். ரெண்டு மூணு வாரம் பாத்துட்டு அவளே சொன்னா. "அந்த மனுசன் நாய்க்கு முடி பிடுங்கவா உங்களக் கூப்புட்டாரு? ஒண்ணரை மணி நேரம் பேச ஆளு வேண்டிக் கூப்புட்டாரு. நீங்க எட்டு நிமிசத்துல அத வழிச்சுப் போட்டுட்டு வந்துட்டீங்க."

பொம்பளைங்க பேச்சு. பேசறதுக்கு ஆள் வேணும்னா பேச வான்னு கூப்புட வேண்டியதுதானே? படிச்சவரு, பெரிய மனுசன், அவருக்கென்ன ஆளா கிடைக்காது? முடி கெட்டுப் போச்சுன்னு கோவம், வேற ஒண்ணும் இல்ல. முடி விசயத்துல அவரு சொன்னது சரிங்க. அத நான் ஒத்துக்கறேன். மார்கழியில ஒரு நாள் சர்ச்சு ரோட்ல டஸ்டியப் பாத்தேன். யாரோ ஒரு பொண்ணு சும்மா நடத்திக் கூட்டிட்டு வந்துது. எனக்கு அடையாளமே தெரியல. உடம்பெல்லாம் பஞ்சு. செவப்புத் தலை வெளுத்து, பால் ஜாஸ்தியான டீ மாதிரி ஆயிருந்துது. என்னயப் பாத்ததும் ஓடி வந்து என்ற கையில தாடைய வெச்சுக்குச்சு. கோவமே இல்லீங்க அதுக்கு. நடுரோட்ல உக்காந்து ரெண்டு முடி இழுத்துப் பாத்தேன். வரல. வழுவழுன்னு நழுவிப் போகுது. நான் கெடுத்துட்டேன், என்ற கையாலயே கெடுத்துட்டேன்னு அங்கயே எனக்கு அழுகை வந்துருச்சு.

அதுக்கப்பறம் மூணு தடவை அந்த வீட்டு கேட் வரைக்கும் போனேன். பொறுமையாப் பிடுங்கிட்டே வந்தா ஒரு வருசம், ஒண்ணரை வருசத்துல முடி பழையபடி திரும்பும்னு கேள்விப்பட்டிருந்தேன். அதச் சொல்லலாம்னுதான் போனேன். மூணு தடவையும் செவ்வாய்க்கிழமை, மூணு தடவையும் பத்து மணி. சார் வராண்டாவுல அதே நாற்காலியில உக்காந்து ரோட்டப் பாத்துட்டிருப்பாரு. பெட்டி மேல சாக்கு விரிச்சே இருந்துது. என்னயப் பாத்தாரு. அவரு கூப்புடல. அவரு கூப்புடாம நான் எப்படிங்க உள்ள போறது? எனக்கும் ஒரு ரோசம் இருக்குதுங்கள்ல. திரும்பி வந்துட்டேன்.

இந்தப் புரட்டாசியில டஸ்டி செத்துப் போச்சுங்க. பால்காரரு சொல்லித்தான் தெரியும், அதும் பத்து நாள் கழிச்சு. பத்து வயசு, வயித்துல ஏதோ கட்டியாம். அந்தப் பஞ்சு முடியோடயே போயிருச்சு. எனக்கு அதுதாங்க ஆறவே மாட்டேங்குது. சரி பண்ணிக் குடுத்திருப்பேன், ஒரு வருசம் விட்டிருந்தா சரி பண்ணிக் குடுத்திருப்பேன்.

துக்கம் கேக்க நான் போகல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? "நீங்க போகலைன்னா நான் போறேன்"னு ராஜாமணி முட்டியப் பிடிச்சுட்டே அந்த மேட்டுல ஏறிப் போனா. மத்தியானம் ஆயிருச்சு, ஆளக் காணோம். வந்து உக்காந்து முட்டியத் தேச்சுட்டே சொன்னா. "எனக்கு டீ போட்டுக் குடுத்தாருங்க. வாட்சைப் பாத்துட்டே நிக்கறாரு. ஃபேக்டரி தீப்பிடிச்ச கதை சொன்னாரு. வாளியத் தூக்கிட்டு ஓடி வந்தவன் பேரு ஞாபகம் வரல அவருக்கு. திருமூர்த்திக்குத் தெரியும்னாரு."

பெட்டராயன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. கடை லீவு. கூட்டறதுக்காக ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். வெளிய ஒரு குடை. கீழ குனிஞ்சு பாத்தா சாரோட செருப்பு. ஷட்டரைத் தூக்குனேன். நின்னுட்டிருக்கறாரு. ஏழு வருசத்துல நான் அவரு வீட்டுக்குப் போனதுதான், அவரு இந்தக் கடைக்கு வந்தது மொத நாள் மழைக்கு ஒதுங்குன அன்னைக்கு மட்டுந்தான்.

"கடை லீவாப்பா?"

"லீவுங்க சார்."

"சரி. அப்ப இன்னொரு நாள் வர்றேன்"னு திரும்பிட்டாரு.

நான் மரம் மாதிரி நிக்கறேன். கடைக்குப் பின்னாலதான் எங்க வீடு, அங்க இருந்து வந்த ராஜாமணி, அவளேதாங்க, செவ்வாய்க்கிழமை முடி மேல கை வெக்காதீங்கன்னு ஏழு வருசம் என்னயத் திட்டுனவ, "லீவெல்லாம் இல்லீங்க சார், உள்ள வாங்க, உக்காருங்க"ன்னா. என்ற முதுகுல ஒரு தள்ளு வேற தள்ளுனா.

இதே சேர்லதான் உக்காந்தாரு. "முடி வெட்டணும்"னாரு.

அவரு எப்பவும் கம்பளிக் குல்லா போட்டிருப்பாருங்க. காது வரைக்கும் இழுத்து விட்டிருப்பாரு. இந்தக் குளிருக்கு எல்லா வயசானவங்களும் போடறதுதான். அன்னைக்குக் கழட்டுனாரு. ஏழு வருசம் அந்த மனுசன் பக்கத்துல நின்னிருக்கறேன், அவரு தலைய நான் பாத்ததே இல்ல. நான் தலை பாக்கற தொழில் பண்றவன். நாயோட ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரியும், இவரு தலை எப்படி இருக்கும்னு ஒரு நாள் கூட நினைச்சதில்ல. முடியே இல்லீங்க தம்பி. நடுவுல மொட்டை. ரெண்டு காதுக்கு மேலயும் வெள்ளையா நாலு முடி, பின்கழுத்துல ஒரு கோடு. அவ்வளவுதான்.

துண்டு கட்டுனேன். வெட்டுனேன். என்னதான் மெதுவா வெட்டுனாலும் நாலு நிமிசத்துல முடிஞ்சு போச்சு. பிரஷ்ஷால தட்டிவிட்டுத் துண்ட அவுத்தேன்.

கண்ணாடியில பாத்தாரு. "அவ்வளவுதானாப்பா?"ன்னாரு.

அந்தக் குரல நான் எப்படிச் சொல்றது. பந்தியில எலைய எடுத்துட்ட பிறகும் எந்திரிக்காம உக்காந்திருக்கற ஆளு கேக்கற மாதிரி கேட்டாரு.

"இல்லீங்க சார், இன்னும் இருக்குது"ன்னேன்.

துண்ட மறுபடியும் கட்டுனேன். தலையில தண்ணி தெளிச்சேன். சீப்ப எடுத்து இல்லாத முடியச் சீவுனேன். கத்திரிய எடுத்து, தலைக்கு ஒரு விரக்கடை மேல வெச்சு, சக்கு சக்கு சக்குன்னு வெட்டிட்டே இருந்தேன். வெறும் காத்த. முன்னாடி, பின்னாடி, காதுப் பக்கம், எல்லாப் பக்கமும். அவரு கண்ண மூடிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு டிரையர் தீப்பிடிச்சப்ப"ன்னு ஆரம்பிச்சாரு. நானும் "ஆமாங்க சார், அப்பறம்?"னேன். ராஜாமணி வந்து ரெண்டு பேரும் சாப்பிட வாங்கன்னு கூப்புடற வரைக்கும் வெட்டிட்டே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு.

இது தொழிலுக்கு ஞாயமில்லீங்க, எனக்குத் தெரியும். இல்லாத முடிய வெட்டறேன்னு ஒரு பெரியவரை ஏமாத்தியிருக்கறேன். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல போலிருக்குது, முடி இருக்குதுன்னே நினைச்சுட்டாரு. நானும் சொல்லிக்கல. எனக்கென்னங்க, வயசானவரு, மனசு நோகக் கூடாதுன்னு செஞ்சேன். அதான் உங்ககிட்ட ஞாயம் கேக்கறேன், தப்புங்களா இது?

சரி, பஸ் சத்தம் கேக்குது பாருங்க. கண்ணாடியில பாத்துக்குங்க. பின்னாடி போதுங்களா?

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறாரு. ஒரு வாரத்துல அங்க என்னங்க வளந்திருக்கப் போகுது? கத்திரிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கறேன்.